போட்டி யாருக்கு?

மந்திர் மார்க்குக்கு வருவோர் கோயிலைப் பார்க்க வருகிறார்கள். பள்ளிக்கூடங்களைப் பார்க்க எவரும் வருவதில்லை. லட்சுமி நாராயணர் ஆலயத்தின் சிகரங்கள் கண்ணை இழுத்துக் கொள்ளும்போது, அதே சாலையில் நிற்கும் பள்ளிகளை யார் எண்ணப் போகிறார்கள்? வங்காளிகள் தம் பிள்ளைகளுக்கென அமைத்த ரைசினா பள்ளி, ஹார்கோர்ட் பட்லர் பள்ளி, கிறிஸ்தவர் நடத்தும் செயின்ட் தாமஸ் பள்ளி, நம்மவர் பள்ளி என்று ஒரு சாலைக்குள்ளே ஒரு சிறு பாரதம் மணியடித்துக் கொண்டிருக்கிறது. ரீடிங் ரோடு என்று இச்சாலைக்குப் பெயர் வழங்கிய காலத்தில், நம் பள்ளிக்கு ‘மதராஸி’ பள்ளி என்றே பெயர். விந்திய மலைக்குத் தெற்கே பிறந்தவர் அனைவரும் மதராஸிகளே என்று வடநாட்டார் கருதிய காலம் அது. (இன்று அக்கருத்து முற்றும் மாறிவிட்டதா என்ற கேள்வியை விடுதியில் வசிக்கும் நண்பர்களிடம் விட்டுவிடுகிறேன்.)

உத்தியோகம் நிமித்தம் வடக்கே வந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் தங்கள் பிள்ளைகள் தாய்மொழி மறந்துவிடக் கூடாதே என்று தொடங்கிய முயற்சி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாக வளர்ந்து ஏழு பள்ளிகளை நடத்தி வருகிறது. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதிபாக், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று தலைநகரின் பல மூலைகளில் தமிழ் ஒலிக்கிறது. மகிழத்தக்கதே. ஆனால் அன்று அப்பள்ளிகளில் பயின்றவர் யார், இன்று பயில்பவர் யார் என்று நாம் கேட்டதுண்டா? அன்று செகரட்டேரியட் உத்தியோகஸ்தரின் மக்கள் பயின்றனர். இன்று அவ்வுத்தியோகஸ்தரின் பேரப் பிள்ளைகள் வேறு பள்ளிகளுக்குப் போய்விட்டனர். வீட்டு வேலை செய்யும் தாய்மாரின் பிள்ளைகளும், கூலி வேலைக்குச் செல்லும் தந்தையரின் பிள்ளைகளும், இஸ்திரி வண்டி வைத்திருப்போரின் பிள்ளைகளும் அப்பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி, நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சியிலிருந்து மார்க்கு மூட்டையோடு ரயிலேறி வந்தோர் பலர். மத்திய சர்க்கார் அதிகாரிகளின் மக்கள் சிலர். மந்திர் மார்க்கிலிருந்து வந்தோர்? விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒரு கையே போதும். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வர முடிந்திருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து வர முடியவில்லை. இது என்ன விந்தை?

“இதில் விந்தை என்ன? போட்டி என்று ஒன்று இருக்கிறது. திறமை உள்ளவன் வருகிறான், இல்லாதவன் நிற்கிறான்” என்பர் நம்முள் சிலர். விடுதிச் சாப்பாட்டு மேஜையில் இவ்விடையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். சொல்பவர் கெட்டவர் அல்லர். தாம் உழைத்துப் படித்ததை அறிந்தவர். உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால், போட்டி என்று எதனைச் சொல்கிறோம் என்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

நம் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கே நுழைவுச் சீட்டாக இருந்தது. ஒவ்வொரு கல்லூரியும் ஒரு வரம்பு மார்க்கை அறிவிக்கும்; அதற்கு மேல் பெற்றவர் அனைவர்க்கும் இடம். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஆனால், 2011ஆம் ஆண்டில் ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரி, பள்ளியில் வணிகவியல் படியாதவர்க்கு நூற்றுக்கு நூறு என்று வரம்பு வைத்தபோது நாடே திடுக்கிட்டது. 2021ஆம் ஆண்டில் நூற்றுக்கு நூறு என்ற வரம்பு பல கல்லூரிகளில் சாதாரணமாகிவிட்டது. கடவுளே விண்ணப்பித்தாலும் கையெழுத்து சரியில்லை என்று அரை மார்க்கு குறைந்திருந்தால் வெளியேதான். எந்த மாநில வாரியம் தாராளமாக மார்க்கு வழங்குகிறதோ அந்த வாரியத்தின் பிள்ளைகள் முந்தினர். ஒரு பருவத்தில் தமிழ்நாட்டு மாணவர் பெருந்திரளாக வந்தனர் என்று ஏடுகள் எழுதின. 2021இல் கேரள மாணவர் வந்தபோது, இதில் ஏதோ சதியிருக்கிறது என்று ஓர் ஆசிரியரே பேசக் கேட்டோம். மார்க்கு வாங்கியதும் குற்றமாயிற்று!

இந்தக் குழப்பத்திற்கு மருந்து என்று 2022இல் வந்தது பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு. நாடு முழுதும் ஒரே பரீட்சை. கணிப்பொறி முன் அமர்ந்து விடையைத் தேர்ந்து தொடவேண்டும். சரியான விடைக்கு ஐந்து மார்க்கு, தவறான விடைக்கு ஒரு மார்க்கு கழிவு. முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 15 லட்சம் பேர் பதிவு செய்தனர். தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அளவுகோல் ஒன்றாகிவிட்டதால் இனி அநீதி இல்லை என்றனர். அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இத்தேர்வை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தேசியப் பாடத்திட்டத்தை ஒட்டிக் கேள்வி கேட்டால் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவன் என்ன செய்வான் என்பதே அதன் சாரம். அக்கேள்வி நியாயமானது. முதல் ஆண்டிலேயே மத்திய வாரியத்து மாணவரே நம் பல்கலைக்கழகத்தில் மிகப் பெரும்பாலோராகச் சேர்ந்தனர். கேரள வாரியத்தினர் தொகை பெரிதும் சுருங்கிற்று.

தமிழ்நாட்டுக்கு இந்த விவகாரம் புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1984இல் தொழிற்கல்விக்கென நுழைவுத் தேர்வு வந்தது. இருபது ஆண்டுக்கு மேல் அது இருந்தது. நகரத்துப் பிள்ளைகள் பயிற்சி வகுப்புக்குச் சென்றனர். கிராமத்துப் பிள்ளைகள் அதன் முகவரியையும் அறியவில்லை. 2006இல் இயற்றிய சட்டத்தால் அத்தேர்வு ஒழிந்தது. ஒழித்துவிட்டோம் என்று மகிழ்ந்து பத்தாண்டு கழிவதற்குள் மருத்துவத்துக்கு நீட் தேர்வு வந்து சேர்ந்தது. கதவை அடைத்தால் ஜன்னல் வழியே வருகிறது!

ஆனால், நண்பர்களே, மாநில வாரியமா மத்திய வாரியமா என்ற வாதத்தோடு நாம் நின்றுவிடுகிறோம். நம்மில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களாகையால், நமக்கு எங்கே வலிக்கிறதோ அங்கே நாம் கத்துகிறோம். மந்திர் மார்க்கின் பிள்ளை மத்திய வாரியப் பாடத்திட்டத்தைத்தான் படிக்கிறாள். நுழைவுத் தேர்வு கேட்கும் அதே புத்தகம் அவள் பையில் இருக்கிறது. அவளுக்குப் பாடத்திட்டத்தால் ஒரு தடையும் இல்லை. அப்படியிருந்தும் அவள் ஏன் வரவில்லை? இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் தீர்மானத்தில் விடை இல்லை. நம் சங்கத்தில் பேசும் பேச்சிலும் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்; தில்லியில் அதைப் போல் நூறு பள்ளிகள் உண்டு. பொருளாதாரம் படிக்க வேண்டுமென்பது அவள் ஆசை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு. விண்ணப்பம் போடும்போதுதான் தெரிந்தது, பொருளாதார ஆனர்ஸ் படிப்புக்குக் கணக்கு கட்டாயம் என்று. பதினோராம் வகுப்பில் சேரும்போது, பதினைந்து வயதில், “கணக்கு கஷ்டம், வேண்டாம்” என்று யாரோ சொல்ல, அவள் கணக்கை விட்டுவிட்டாள். அன்று அவள் வீட்டில் ஒரு தந்தையோ, அண்ணனோ, பக்கத்து வீட்டு மாமாவோ கல்லூரிக்குப் போனவராக இருந்திருந்தால், “அம்மா, கணக்கை விடாதே; நாளைக்கு வேண்டியிருக்கும்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குக் கிடைக்கவில்லை. நமக்கெல்லாம் அது காலைக் காப்பியோடு கிடைத்தது. அவள் திறமையற்றவள் என்று சாப்பாட்டு மேஜையில் நாம் தீர்ப்பு எழுதுகிறோம்!

இன்னொன்று சொல்வேன், இதை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை. காத்திருப்பதும் ஒரு செலவு. 2022இல் நுழைவுத் தேர்வு முடிந்து, முடிவு வெளியாகி, இடம் ஒதுக்கி, நம் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு வகுப்பு தொடங்கியபோது நவம்பர் 2ஆம் தேதி ஆகிவிட்டது. பள்ளிப் பரீட்சை முடிந்து ஏறக்குறைய ஐந்து மாதம்! பணமுள்ளவன் அதற்குள் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டி இடம்பிடித்து வைத்துக் கொண்டான்; இங்கே கிடைத்தால் வருவான், இல்லையேல் அங்கே இருப்பான். இடைக்காலத்தில் பயிற்சி நிலையத்துக்கும் போனான். பணமில்லாதவன் ஐந்து மாதம் என்ன செய்வான்? ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போவான். முதல் சம்பளம் வீட்டுக்கு வரும். அச்சம்பளத்தை நம்பி ஒரு கடன் தீரும். நவம்பரில் “இடம் கிடைத்துவிட்டது, வேலையை விடு” என்றால் எந்தத் தாய் உடனே சரி என்பாள்? அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் காலதாமதம் குறைந்து வகுப்புகள் முன்னதாகத் தொடங்கியது உண்மை. ஆயினும் பழைய முறையில் பள்ளி மார்க்கே போதும்; தனிப் பயிற்சியும் வேண்டாம், பாடத்துக்குப் பாடம் தேர்வுக் கட்டணமும் வேண்டாம். அம்முறையின் குறைகளைச் சொன்ன அறிஞர்கள் இதைச் சொல்ல மறந்துவிட்டனர். வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு போட்டிக்குப் பின்னும் ஒவ்வோர் ஆண்டும் நம் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 70,000 இடங்களில் சில ஆயிரம் நிரம்பாமலே கிடந்திருக்கின்றன. பசித்தவன் வாசலில் நிற்க, சோறு உள்ளே ஆறிப் போகிறது.

நிற்க. அப்பிள்ளைகள் படிக்கவே இல்லையா என்றால், படிக்கிறார்கள். நம் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் நமக்குத் தெரியும்: புல்வெளி, நூலகம், நாடகக் குழு, விவாத மன்றம், பேராசிரியரோடு தேநீர், பழைய மாணவர் பரிந்துரை, பிறகு உத்தியோகம். பின்வாசல் 1962இல் தபால்வழிக் கல்விக்கெனத் திறந்த பள்ளி. இன்று திறந்தநிலைக் கல்விப் பள்ளி என வழங்குகிறது. அங்கே நுழைவுத் தேர்வு இல்லை. லட்சக்கணக்கானோர் அங்கே பெயர் பதிந்திருக்கின்றனர். வார இறுதியில் சில வகுப்புகள். மற்ற நாட்களில் தம் வேலை, தம் பாடு. தில்லிப் பெண்களுக்கென வார இறுதியில் வகுப்பு நடத்தும் கல்லூரிசாராப் பெண்கள் கல்வி வாரியமும் அத்தகையதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் எழுந்திருக்காத நேரத்தில், நம்முடைய வகுப்பறைகளில், நம்முடைய பெஞ்சுகளில், வாரம் முழுதும் வேலை செய்த பெண்கள் வந்து உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். திங்கட்கிழமை நாம் வரும்போது அவர்கள் இல்லை. ஒரே பல்கலைக்கழகம், ஒரே முத்திரை. ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. நம் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அப்பெண்களில் ஒருவரையாவது அழைத்திருக்கிறோமா?

இதைக் குறைகூறவில்லை. அவ்விரு நிறுவனங்களும் இல்லையென்றால் பல்லாயிரம் பேர்க்குப் பட்டமே இல்லை. ஆனால், முன்வாசலில் வருவோர் தகுதியால் வந்தனர், பின்வாசலில் வருவோர் தகுதியின்மையால் வந்தனர் என்று எண்ணுவோமானால் அது பொய்.

2025 ஜூன் 1ஆம் நாளை நினைவுகூர்வோம். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக நின்ற மதராஸி கேம்ப் அன்று இடிக்கப்பட்டது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தமிழர் வாழ்ந்த இடம் அது. ஏறக்குறைய 370 வீடுகள். மழைநீர் வடிய வழி வேண்டும் என்பது உயர்நீதி மன்றத்தின் ஆணை. அதன் நியாயத்தை இங்கே ஆராயப் போவதில்லை. ஏறக்குறைய பாதிக் குடும்பங்களே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை என்று முதலில் கணக்கிடப்பட்டன; அம்மாற்று வீடுகளும் நரேலாவில், ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில். அக்கேம்ப்பின் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட்டிலுள்ள நம் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து சென்று படித்தவர்கள். நரேலாவிலிருந்து லோதி எஸ்டேட்டுக்கு எப்படி வருவது? வீட்டு வேலைக்குப் போன தாய் வேலையை இழந்தாள். பிள்ளை பள்ளியை இழக்கும் நிலைக்கு வந்தது. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்ற பிள்ளை ஒன்று அங்கே இருந்திருந்தால், அது மறு ஆண்டு கணிப்பொறி முன் அமர்ந்து நம்மோடு ‘போட்டி’ போடும். ஒரே கேள்வித்தாள், ஒரே மணி நேரம். கணிப்பொறிக்கு நரேலா எங்கிருக்கிறது என்று தெரியாது.

அமெரிக்காவில் அப்படியில்லை என்று நம் நண்பர் பலர் நினைக்கிறார்கள். பட்டம் பெற்றதும் அங்கே பறந்துவிடத் துடிப்போர் பலர் இருக்கிறார்கள். 2023-24இல் அந்நாட்டில் பயின்ற அயல்நாட்டு மாணவரில் இந்தியரே முதலிடம். 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். திறமைக்கு மதிப்புத் தரும் தேசம் என்று அதற்குப் பெயர். அங்கேயும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2017இல் ராஜ் செட்டி என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவர் குழுவினரும் வருமானவரிக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்தனர். (செட்டி புதுதில்லியில் பிறந்தவர், தமிழ்க் குடும்பத்தினர்.) 38 கல்லூரிகளில், வருமானத்தில் உச்சியிலுள்ள நூற்றிலொரு பங்கினரின் பிள்ளைகள், கீழேயுள்ள நூற்றுக்கு அறுபது பங்கினரின் பிள்ளைகளைவிட அதிகமாக இருந்தனர் என்று கண்டனர். யேல், பிரின்ஸ்டன் போன்ற புகழ்பெற்ற பெயர்களும் அப்பட்டியலில் உண்டு. 2023இல் மேலும் ஒன்று கண்டனர்: நுழைவுத் தேர்வில் ஒரே மார்க்கு வாங்கிய இருவரில் ஒருவர் உச்சிச் செல்வரின் பிள்ளை, மற்றவர் நடுத்தரக் குடும்பத்தின் பிள்ளை என்றால், அந்த மிகச் சிறந்த பன்னிரண்டு கல்லூரிகளுக்குள் முன்னவர் போவதற்கு இரு மடங்குக்கு மேல் வாய்ப்பு. ஏனெனில், அங்கே பழைய மாணவரின் பிள்ளைக்குத் தனிச் சலுகை உண்டு. தந்தை ஹார்வர்டில் படித்தால் மகனுக்கு அது ஒரு தகுதி! இட ஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நம் நண்பர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை போலும். 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருதி இடம் வழங்குவதைத் தடுத்துவிட்டது. பழைய மாணவரின் பிள்ளைக்கு வழங்குவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை.

ஒதுக்கீட்டை எதிர்த்தோரும் ஆதரித்தோரும் நம் நாட்டிலேயே முக்கால் நூற்றாண்டாக வாதாடி வருகின்றனர். 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னையின் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அவ்வரலாற்றை நம் சங்க மேடையில் எல்லோரும் பேசுகிறார்கள்; நான் நீட்டவில்லை. அத்திருத்தத்தின் பயனாகவே நம்மிற் பலர் இன்று இங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

என் கருத்து இது. பரீட்சையை ஒழிப்பதாலோ வைப்பதாலோ மட்டும் இது தீராது. மார்க்கைப் படிக்கும்போது, அம்மார்க்கு எந்த மண்ணில் விளைந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வயலும் வாய்க்காலும் உள்ளவன் கொண்டுவந்த பத்து மூட்டையும், வானம் பார்த்த பூமிக்காரன் கொண்டுவந்த எட்டு மூட்டையும் களத்துமேட்டில் ஒன்றாக அளக்கப்பட்டால், எவன் நல்ல உழவன் என்று சொல்வீர்கள்?

இது கனவு என்பார் உளர். கனவன்று, இதே தில்லியில் நடந்தது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வந்தவர்க்கும் பெண்களுக்கும் நுழைவுத் தேர்வு மார்க்கோடு சில கூடுதல் மார்க்கைச் சேர்த்து அளித்தது. 1983இல் கைவிடப்பட்ட அம்முறையை மாணவர் போராடி 1990களில் மீட்டனர். ஒரிசாவின் கோராபுட்டிலிருந்தும் பீகாரின் குக்கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து படித்து அறிஞராயினர். 2017இல் ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு அது நிறுத்தப்பட்டது பெரும் இழப்பு. ஒரு குறை மட்டும் சொல்வேன்: மாவட்டத்தைப் பார்க்கும் அக்கணக்கில் தில்லி முன்னேறிய இடம். மதராஸி கேம்ப்பும் சாணக்கியபுரியும் ஒரே மாநகரம். ஆகையால், மாவட்டத்தைவிடப் பள்ளியைப் பார்ப்பதே நலம்.

பள்ளியைப் பார்க்கும் முறையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1997இல் ஒரு சட்டம் செய்தனர்: மாநிலத்தின் எந்தப் பள்ளியாயினும், அதில் முதல் பத்து விழுக்காட்டில் வரும் மாணவர்க்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பணக்காரப் பள்ளியின் முதல் மாணவனும் ஏழைப் பள்ளியின் முதல் மாணவனும் சமம். ஆஸ்டினிலுள்ள பெரிய பல்கலைக்கழகத்தில் இடநெருக்கடி மிகவே, பிற்காலத்தில் அங்கே மட்டும் அவ்விழுக்காட்டைக் குறைக்க நேர்ந்தது. ஆனால் முறை நிற்கிறது. நம் தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவக் கல்வியில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் சென்றோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர், அவ்வாண்டு எம்.பி.பி.எஸ். இடங்கள் மட்டும் 300க்கு மேல். அதே நீட் தேர்வு, அதே பாடம், அதே பிள்ளைகள்! ஓராண்டில் அவர்கள் அறிவு பெருகிவிடவில்லை. அளக்கும் படி மாறிற்று. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றுக்கும் அது விரிந்தது.

“இப்படி வந்தவர்கள் வகுப்பில் தாக்குப்பிடிப்பார்களா?” என்று கேட்கலாம். நியாயமான ஐயம், சிரித்துத் தள்ளத்தக்கதன்று. தமிழில் தேர்வெழுதி உள்ளே வந்தவன், இங்கே ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பாடம் கேட்க வேண்டும். பதின்மூன்று மொழியில் கதவைத் தட்டலாம். உள்ளே இரண்டு மொழியில்தான் பேச்சு. முதற்பருவத்தில் வாய் திறவாமல் கடைசி பெஞ்சில் அமர்ந்திருந்த தமிழ் மாணவர் நம்மிடையேயே எத்தனை பேர்? இடம் கொடுத்துவிட்டுக் கைகழுவினால் அவன் திணறுவான், திணறியதைக் காட்டி, “பார்த்தீர்களா!” என்பர். ஆகையால், முதலாண்டில் மொழிக்கும் கணக்குக்கும் தனி வகுப்பு, தேர்வில் தவறினால் மீண்டும் எழுத உதவி, புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் கொஞ்சம் பணம், இவை கூட வேண்டும். தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளியில் பயின்ற பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்த விழாவில், அன்றைய தில்லி முதலமைச்சரும் மேடையில் இருந்தார். பார்த்துவிட்டு வந்த தலைநகரம் அதைத் தன் பிள்ளைகளுக்குச் செய்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. பல்கலைக்கழகத்தின் நிர்வாக சபையில் நமக்கு இடமில்லை. ஆனால், கணக்கை விடாதே என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம் நம் கையில் இருக்கிறது. நம் சங்கம் ஆண்டுதோறும் செய்வது என்ன? பொங்கல் விழா, பட்டிமன்றம், ஒரு நாடகம், இந்த மலர். யாவும் வேண்டியவையே; பட்டிமன்றம் இல்லாமல் தமிழன் எப்படி உயிர் வாழ்வான்? அவற்றோடு ஒன்றைச் சேர்த்துக் கொள்ளும்படி அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். சனிக்கிழமைதோறும் நம்மில் நால்வர் ஐவராக மந்திர் மார்க்குக்கும் மற்றப் பள்ளிகளுக்கும் சென்று, பள்ளித் தலைவரின் அனுமதியோடு, இரண்டு வேலைகள் செய்யலாம். பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளிடம், எந்தப் பட்டப் படிப்புக்கு எந்தப் பாடம் வேண்டுமென்பதை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து விளக்குவது ஒன்று. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வு விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து கல்லூரியில் சேர்ந்து கட்டணம் கட்டும் வரை கூடவே நிற்பது மற்றொன்று. பழைய கேள்வித்தாள்கள் நம் அறைகளில் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றை ஒரு பெட்டியில் சேர்த்தால் அதுவே ஒரு நூலகம். நரேலாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்கு ஒருவர் தனியே வேண்டும். அது எளிய வேலையன்று, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

தீர்மானத்தின் நகல் சங்க அறையின் பலகையில் இருக்கும். விருப்பமுள்ளோர் கீழே பெயரெழுதி, எந்தப் பாடம் சொல்லித்தர முடியும் என்பதையும் குறிக்கலாம். ஆங்கிலத்துக்கும் கணக்குப்பதிவியலுக்கும் ஆட்கள் முதலில் தேவை. கணக்குக்கு என் பெயரை எழுதிவிட்டேன்.